ராயக்கோட்டை சாலையில் சத்தமில்லாத ஒரு களிக்கடை

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் மேம்பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் இடது கைப் பக்கம் ஒரு மாமரம் மதில்மேல் சாய்ந்து நிற்கும். அதன் கீழே நாலைந்து டூவீலர்கள் நின்றால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய ஓட்டு வீடு. முன் அறையில் மூன்று மேசை, உள்ளே இரண்டு. 20 பேருக்கு மேல் உட்கார முடியாது. பகல் 12 மணிக்கு இலை போடுவார்கள், 3 மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். ராத்திரிச் சாப்பாடு இல்லை. செவ்வாய் விடுமுறை.

போன ஐப்பசியில் மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே போனேன். நனைந்த சட்டையோடு உட்கார்ந்து இலை வரும்வரை காத்திருந்தபோது என்னவோ வித்தியாசமாக இருந்தது. என்ன என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் தன் பேரனிடம், "மெல்லாத, முழுங்கு. களியை மெல்லக் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்குக் கேட்டது. முழுதாக, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது. அடுத்த மேசைப் பேச்சு எனக்கு அப்படிக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. அப்புறம் ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. உள்ளே யாரோ கீரை கடைவது கேட்டது. சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்துபோக மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

என்னைப் பற்றிச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். எனக்கு 48 வயது. 22 வருடமாக கிரானைட் கட்டிங் யூனிட்டில் வேலை. எங்கள் மாவட்டத்துக் கல் எந்தெந்த நாட்டுத் தரையிலோ பதிந்து கிடக்கிறது. பாலிஷ் போட்ட அந்தத் தரையைப் பார்க்கிறவர்களுக்கு அது எவ்வளவு சத்தத்திலிருந்து பிறந்தது என்று தெரியாது. டைமண்ட் பிளேடு பிளாக்குக்குள் இறங்கும்போது வரும் கீச்சொலியை நான் எழுதிக் காட்ட முடியாது. பக்கத்தில் நின்று காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. கை ஜாடையில்தான் வேலை நடக்கும். நான் சேர்ந்த முதல் யூனிட்டில் பல வருடம் காதுக்கு எதுவுமே தரவில்லை. நாங்களாகப் பஞ்சைத் திணித்துக்கொள்வோம். பஞ்சு ஏறத்தாழ எதையுமே தடுக்காது என்பது பின்னால்தான் தெரிந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இடது காதில் விசில் மாதிரி ஒரு சத்தம் தொடங்கியது. நிற்கவே இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அது இன்னும் கூடும். பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, ஒவ்வொரு சுருதியாகக் கொடுத்து, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் பரிசோதனை செய்த பெண் ஒரு தாளைக் காட்டினார். கோடு ஒழுங்காக வந்து 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. "சத்தத்துல வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த இடத்துலதாங்க முதல்ல போகும்" என்றார். உட்காதில் நத்தை ஓடு மாதிரியான சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றனவாம். செத்தால் மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வதைப்போல இதைச் சரிசெய்துவிட முடியாது.

கணக்கையும் அவரே சொன்னார். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, இப்படியே போனால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். எங்கள் மெஷின் பக்கத்தில் 100 சர்வசாதாரணம். நான் ஷிப்டு ஷிப்டாக நின்றிருக்கிறேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

காது மந்தம் என்றால் சத்தம் குறைவாகக் கேட்கும் என்றுதான் மற்றவர்கள் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. எனக்கு ஆ, ஓ எல்லாம் நன்றாகவே கேட்கும். க, ச, த, ப இவைதான் உதிர்ந்துபோகும். அமைதியான இடத்தில் முகத்தைப் பார்த்துப் பேசினால் சமாளித்துவிடுவேன். பின்னால் ஒரு இரைச்சல் ஓடினால் பருப்பா, கருப்பா, செருப்பா என்று தெரியாது. ஹோட்டலுக்குப் போனால் சுவரில் டிவி, அடுப்புக்கு மேலே காற்றுப் போக்கி, தட்டு அடுக்கும் கிளாங் கிளாங், எதிரில் இருப்பவர் போனில் ஓடவிடும் ரீல்ஸ், கல்லாவில் ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் "ரூபாய் வரவு" என்று கூவும் பெட்டி. நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். யாரோடும் சேர்ந்து சாப்பிடப் போவதையே நிறுத்தியிருந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மண்டபத்தில் ஆள் உயர ஸ்பீக்கர்கள் பக்கத்துக்கு நாலு. என் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ சொன்னாள். முகம் மலர்ந்திருந்தது. நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். காது சரியில்லாதவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. எத்தனை தடவைதான் "என்னம்மா?" என்று கேட்பது? அடுத்த வாரம் நான் போய் அவளுக்கு நர்சிங் சேர முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. நாலாவது நாள் அவள் அம்மா மூலமாகத்தான் விஷயம் தெரிந்தது. "நர்சிங் வேணாம்ப்பா, நான் பி.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன், சரியா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். நான் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். வாக்குக் கொடுத்துவிட்டு மீறிய அப்பாவாக அவள் கண்ணில் நான் மூன்று நாள் இருந்திருக்கிறேன்.

சரி, கடைக்கு வருகிறேன்.

இந்தக் கடை அமைதியாக இருப்பதற்கு ஆள் குறைவு என்று காரணம் சொல்ல முடியாது. ஒரு மணிக்குப் போனால் 20 இடமும் நிறைந்திருக்கும், வாசலில் அஞ்சாறு பேர் நிற்பார்கள். "அமைதி காக்கவும்" என்று பலகையும் மாட்டவில்லை. சத்தம் எங்கெங்கே பிறக்கிறதோ அங்கங்கே போய் ஒருவர் அதை எடுத்துப் போட்டிருக்கிறார். வேலைக்காரன் கண்ணால் பார்த்தால் அது தெரியும். மூன்றாவது, நாலாவது தடவை போனபோதுதான் நான் ஒவ்வொன்றாகக் கவனித்தேன்.

தட்டு கிடையாது, மந்தாரை இலைத் தையல். ஆகவே தட்டுச் சத்தம் இல்லை. குழம்பு எவர்சில்வர் வாளியில் வருவதில்லை, மண்சட்டியில் வருகிறது. கரண்டிக்குப் பதில் கொட்டாங்குச்சி அகப்பை. மண்ணில் கொட்டாங்குச்சி பட்டால் டொக் என்று ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். டம்ளர் மட்டும் எவர்சில்வர். ஆனால் மேசைமேல் பழைய போர்வையை வெட்டி விரித்து அதன்மேல் துணி போட்டிருக்கிறார்கள், டம்ளர் வைத்தால் கேட்காது. தரை கடப்பாக் கல். அதில் மர நாற்காலியை இழுத்தால் காது கிழியும், கல்லோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். இங்கே நாற்காலிக் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்திருக்கிறது. கிரைண்டர் பின்கட்டில் தனிக் கொட்டகையில் இருக்கிறது, காலை 9 மணிக்குள் அதன் வேலை முடிந்துவிடும். டிவி இல்லை. பணம் வந்தால் கூவும் பெட்டி இல்லை. போனில் அனுப்பிவிட்டுத் திரையைக் காட்டினால் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுப்படிக்கும் சாப்பிடும் அறைக்கும் நடுவே உள்ள சின்ன ஜன்னல். மற்ற கடைகளில் "ரெண்டு சாப்பாடு, ஒரு களி, ஆம்லேட் ஒண்ணு" என்று கூடத்திலிருந்து கத்துவார்கள், அடுப்படியிலிருந்து அதைவிடப் பெரிதாகப் பதில் வரும். இங்கே பரிமாறும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி விரலைக் காட்டுவார். முட்டி மடக்கினால் களி உருண்டை, விரல் எத்தனையோ அத்தனை. உள்ளங்கையை விரித்தால் சோறு. அவர் வீட்டுக்காரர் உள்ளே தலையை மட்டும் அசைப்பார். எங்கள் யூனிட்டில் நாங்கள் ஜாடை பிடித்தது சத்தம் தாங்க முடியாமல். இவர்கள் சத்தம் எழக்கூடாது என்று ஜாடை பிடித்திருக்கிறார்கள். முதல் தடவை அதைக் கவனித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எப்படி இது வந்தது என்று ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரத்தில் அக்காவைக் கேட்டேன்.

"உள்ரூம்ல மாமியார் படுத்த படுக்கையா இருந்தாங்க தம்பி. ஆறு வருஷம். கடையை நடத்தாம சோறு இல்ல, சத்தம் போட்டா அவங்களுக்குத் தூக்கம் இல்ல. ஒரு கரண்டி கீழ விழுந்தா திடுக்குனு எழுந்து அழுவாங்க. ஒண்ணொண்ணா மாத்துனோம். அவங்க போயி ரெண்டு வருஷம் ஆச்சு. கை பழகிடுச்சு."

டயர் துண்டு அவருடைய கணவர் யோசனையாம். போர்வை அக்காவின் யோசனையாம். போன் பேச வேண்டுமென்றால் மாமரத்தடிக்குப் போகச் சொல்வது மட்டும் வாய்ச்சொல். அதையும் அவர் சொல்லி நான் கேட்டது இரண்டே தடவைதான். புதிதாக வருகிறவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

இதற்கும் காரணம் உண்டு என்று என் காதைப் பரிசோதித்த பெண் மறுமுறை போனபோது விளக்கினார். சுற்றிச் சத்தம் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். நாம் உயர்த்தியது பக்கத்து மேசைக்குச் சத்தம், அவர்கள் இன்னும் உயர்த்துவார்கள். எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911லேயே இதை எழுதி வைத்துவிட்டார், அவர் பெயராலேயே இதைச் சொல்கிறார்கள். ஹோட்டலில் டிவி முதல் ஆளாகக் கத்தத் தொடங்குகிறது, மீதியை நாம் செய்கிறோம். இங்கே முதலில் கத்துவதற்கு ஆளே இல்லை. போனில் டெசிபல் பார்க்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். போன் காட்டும் எண்ணைத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒரு மணிக் கூட்டத்தில் இந்தக் கடையில் 56, 58 என்று காட்டியது. அதே வாரம் நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெரிய ஹோட்டலில், அதே நேரத்தில், 80க்குக் கீழே இறங்கவே இல்லை.

சாப்பாடு. களியைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லியும் பயனில்லை. நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, கவைக்கோலால் பானையை அழுத்திப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டுகிறார்கள். கட்டி விழாது. ஓரம் காய்ந்திருக்காது. கிண்ணத்தில் தண்ணீர் தொட்டு உருட்டிச் சுடச்சுட இலையில் வைப்பார்கள். நடுவில் குழி பறித்தால் ஆவி முகத்தில் அடிக்கும். அந்தக் குழியில் கீரைக் கடைசலை ஊற்ற வேண்டும். ஒரே கீரை என்று இல்லை. பண்ணைக் கீரை, தொய்யக் கீரை, குமிட்டிக் கீரை என்று காட்டில் அன்றைக்கு எது அகப்பட்டதோ அதெல்லாம் சேர்ந்த கலவை. பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு மத்தால் கடைந்தது. என் அம்மா போன பிறகு இந்தக் கடைசலை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை. மிக்ஸியில் அடித்தால் கீரை பச்சைத் தண்ணீராகிவிடும், மத்தில்தான் நார் நாராக நிற்கும். மத்து சட்டியில் சுழலும் அந்தச் சத்தமே பசியைக் கிளப்பும். அதைக் கேட்டுக்கொண்டே காத்திருக்கிற கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கொள்ளு ரசம் தினமும் உண்டு. வேகவைத்து இறுத்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளில் துவையல். இந்த ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று முதலில் நினைத்தேன். அக்காவிடம் சொன்னேன். "எல்லாருக்கும் போடறதுதான் தம்பி, ஒருத்தரும் சொல்லலியே" என்றார். பிறகு ஒரு செய்தியைப் படித்தேன். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஆட்களின் காதில் இரைச்சலை ஓடவிட்டுச் சாப்பிடக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2011ல் வெளிவந்த ஆய்வு. சத்தம் அதிகமானால் உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரிகிறதாம், மொறுமொறுப்பு மட்டும் கூடுதலாகத் தெரிகிறதாம். அப்படியென்றால் நான் இத்தனை வருடமாக இரைச்சலுக்கு நடுவே சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கையும் அதற்குப் பழக்கிவிட்டேனோ என்று தோன்றியது. இப்போது அந்த ரசம் எனக்கு அளவாகவே இருக்கிறது. வீட்டில் நான் உப்பு கேட்பது குறைந்துவிட்டதாக மனைவி சொல்கிறாள்.

மார்கழி, தையில் அவரைக்கொட்டைக் குழம்பு. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தோல் பிதுக்கிய பருப்பாகக் கேட்டால் கிடைக்காது, தோலோடுதான். எனக்கு அதுதான் சரி. புதன், ஞாயிறு நாட்டுக்கோழிக் குழம்பு. கறியில் குறை இல்லை, காரம் மட்டும் குழந்தைகளுக்குத் தாங்காது. கருவாட்டுக் குழம்பு வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும். சோறு சாப்பாட்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, சாம்பார் சுமார்தான். களிக்கு வாருங்கள், சோற்றுக்காக வர வேண்டாம். இரண்டு உருண்டைக் களி, கடைசல், ரசம், துவையல் சேர்த்து 60 ரூபாய். சோறு சாப்பாடு 80. கோழி தனியாக 120. மாம்பழக் காலத்தில் அவர்கள் வீட்டு மரத்துப் பழம் ஒரு துண்டு இலை ஓரத்தில் வரும், அதற்குக் காசு இல்லை.

குறைகள் இருக்கின்றன. ஒரு மணிக்குப் போனால் அரை மணி நேரம் வாசலில் நிற்க வேண்டும், நிழல் மாமரத்தடி மட்டும்தான். கார் நிறுத்த இடமே இல்லை. கை கழுவுமிடத்தில் தண்ணீர் நூலாக வரும். மோர் சில நாள் ரொம்பப் புளித்துவிடுகிறது. ஏசி கிடையாது, சித்திரையில் ஓட்டுக்குக் கீழே வெந்துபோவோம். இருக்கிற ஒரு மின்விசிறியையும் கடகடவென்று சத்தம் வருகிறது என்று மெதுவாகவே வைக்கிறார்கள். அந்த மின்விசிறிக்கு பேரிங் மாற்றினால் வேகமாகவும் வைக்கலாம், சத்தமும் வராது. அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். தெருவில் போகும் பஸ்ஸின் ஏர்ஹாரன் உள்ளே வரத்தான் செய்கிறது. அதைத் தடுக்க அவர்களால் முடியாது. பல சுருதி ஹாரன்கள் மோட்டார் வாகன விதிப்படி தடை செய்யப்பட்டவை, ஆனாலும் ஊதுகிறார்கள். அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் 20 பேரும் ஒரே நேரத்தில் தோளைக் குறுக்குவதைப் பார்க்கலாம்.

ஆடியில் இரண்டு நாள் இந்தக் கடையிலும் எனக்குச் சாப்பிட முடியவில்லை. தெருமுனையில் திருவிழா. கூம்பு ஸ்பீக்கர் ஒன்றைச் சரியாகக் கடை ஜன்னலைப் பார்த்துக் கட்டிவிட்டார்கள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு பரிமாறினார், முகம் வாடிப்போயிருந்தது. நான் சத்தமே ஆகாது என்கிறவன் இல்லை. பறை அடித்தால் நானும் போய் நிற்பேன். விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒகேனக்கல்லில் அருவிப் பக்கம் நின்றால் அடுத்தவர் பேசுவது யாருக்கும் கேட்காது, ஆனாலும் அங்கிருந்து யாரும் தலைவலியோடு வருவதில்லை. பறைக்கு அடிக்கிறவர் கை வலித்தால் நிறுத்துவார், சேர்ந்து ஆடுகிறவர் முகத்தைப் பார்த்துத் தாளத்தை மாற்றுவார். ஸ்பீக்கருக்குக் கை வலிக்காது, முகம் தெரியாது. ஆள் இல்லாத தெருவில் காலை 5 மணிக்கு அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும்.

சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கடைத்தெருவில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இருக்கும் இடங்களில் 100 மீட்டர் சுற்றளவு அமைதி மண்டலம், அங்கே 50, 40. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விசேஷ நாட்களுக்கு அரசு கொஞ்சம் தளர்த்தலாம். இதையெல்லாம் நான் காது போன பிறகு உட்கார்ந்து படித்தேன். திருவிழாக் கமிட்டிப் பையன்களிடம் போய் ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பிக் கட்டச் சொன்னேன். "சரிணா" என்று சொல்லி மறுநாள் திருப்பிக் கட்டினார்கள். கேட்டால் செய்கிறார்கள். கேட்கிறவர்கள்தான் இல்லை.

என்னைப்போல மெஷினில் நிற்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. பஞ்சு வேண்டாம். ஃபோம் இயர்பிளக் சில ரூபாய்தான், சேஃப்டி சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். விரலால் ஒல்லியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்தி வைத்திருக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் அது சரியாகப் போகவில்லை. இத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்று அதன் உறைமேல் போட்டிருக்கும் எண்ணில் பாதி கிடைத்தாலே பெரிது. ஆகவே கட்டிங் மெஷின் பக்கம் என்றால் மேலே காதை முழுதாக மூடும் இயர்மஃப்பும் சேர்த்துப் போடுங்கள். இப்போது நான் இருக்கும் யூனிட்டில் இரண்டும் தருகிறார்கள். புதிதாக வரும் பையன்கள் வியர்க்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாளில் விழுந்த கிணறு எனக்கு ஞாபகம் வரும். பிடித்து மாட்டிவிடுகிறேன்.

மகள் இப்போது தாவரவியல்தான் படிக்கிறாள். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது, பரவாயில்லை. கார்த்திகையில் ஒரு ஞாயிறு அவளை இந்தக் கடைக்குக் கூட்டிப் போனேன். கோழிக் குழம்பும் களியும் சொன்னோம். எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் தன் சாதாரணக் குரலிலேயே பேசினாள், வீட்டில் என்னிடம் பேசுவதைப்போல ஒவ்வொரு சொல்லையும் உரக்க அழுத்தவில்லை. கல்லூரிக்குப் பின்னால் உள்ள கரட்டில் என்னென்ன புல் முளைக்கிறது, அவள் தோழி எதற்கு அழுதாள், தேர்வில் எந்தக் கேள்வியை விட்டாள், எல்லாம். நான் ஒரு தடவைகூட "என்னம்மா?" என்று கேட்கவில்லை. கல்யாண மண்டபத்தில் நடந்ததையும் அன்றைக்குத்தான் அவளிடம் முழுதாகச் சொன்னேன். கேட்காமலே தலையாட்டினேன் என்று. அவள் கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நீங்க இத்தனை நாளா எத்தனைக்குத் தலையாட்டியிருக்கீங்கப்பா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

அப்போது மாமரத்திலிருந்து செம்போத்து கூப்பிட்டது. பானைக்குள் ஊதுவதைப்போல, கூப் கூப் கூப் என்று. கனத்த குரல், அதனால் எனக்கும் கேட்கும். அதோடு தேன்சிட்டும் கத்துகிறது என்று மகள் சொன்னாள். அது எனக்குக் கேட்காது. அந்தச் சுருதியெல்லாம் மெஷினோடு போய்விட்டது. எப்படிக் கத்துகிறது என்று கேட்டேன். மேசைத் துணியில் நகத்தைக் குறுக்கே வைத்துச் சின்னச் சின்னதாகத் தட்டிக் காட்டினாள்.

அக்கா வந்து நின்று இன்னொரு உருண்டை வேண்டுமா என்று விரலைக் காட்டினார். நானும் விரலையே காட்டினேன்.

போகிறவர்கள் 12.30க்குள் போய்விடுங்கள். ஞாயிறு என்றால் 12க்கே. 1.30 தாண்டினால் சோறு இருக்கும், களி இருக்காது.